ஒரே நாள் சாப்பாடு, இரண்டு ஆப்: ஒன்றில் 639 மி.கி. கால்சியம், மற்றதில் 1,239. எது சரி?

#1 பித்தளை டம்ளர்

ஒரே நாள் சாப்பாட்டை இரண்டு கலோரி ஆப்பில் பதிந்தது இது. இரண்டிலும் ஆங்கிலத்தில் தேடி, மேலே வந்த பெயரையே எடுத்தது. எடையும் ஒன்றேதான்.

காபி இரண்டு வேளை, பால் மொத்தம் 200 மி.லி.
கேழ்வரகுக் கூழ், மாவு 50 கிராம்
சோறு, அரிசியாக 150 கிராம்
சாம்பாரில் துவரம்பருப்பு 30 கிராம்
முருங்கைக்கீரைப் பொரியல், பச்சைக் கீரையாக 75 கிராம்
மோர் 200 மி.லி. (தயிர் 50 கிராம், மீதி தண்ணீர்)
தயிர் 100 கிராம்
எள்ளுப் பொடி, அதில் எள் மட்டும் 5 கிராம்

முதல் ஆப் 639 என்கிறது. இரண்டாவது 1,239. இலக்கு 1,000 என்று வைத்தால் ஒன்று மாத்திரை போடு என்கிறது, இன்னொன்று வேண்டவே வேண்டாம் என்கிறது. எந்த வரியில் கோளாறு?

#2 அட்டவணைப் பித்து

மொத்தத்தைப் பார்க்காதீங்க. ஒவ்வொரு வரியையும் தொட்டுத் திறந்து, எந்தப் பெயரில் பதிவாகியிருக்கு, அந்த வரியில் கால்சியம் எவ்வளவுன்னு பாருங்க. இந்த மெனுவில் பொறி வைக்கும் இடம் ஐந்து.

கேழ்வரகு: 'மில்லட் ஃப்ளோர்'னு எடுத்திருந்தா அது அமெரிக்க வேளாண் துறை அட்டவணையின் வேறு சிறுதானியம். 100 கிராமுக்கு 14 மி.கி.தான். கேழ்வரகு என்ஐஎன் (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் (2017) 364. பெயர் ஒண்ணு, சத்து இருபத்தஞ்சு மடங்கு வித்தியாசம். 'ஃபிங்கர் மில்லட்' அல்லது 'ராகி'ன்னு இருந்தாலும் எண்ணைப் பார்க்காம நம்பாதீங்க.

முருங்கை: 'ட்ரம்ஸ்டிக்'. இதுக்கு விளக்கம் வேணுமா? கோழிக்கால் வந்திருக்கும், இல்லேன்னா முருங்கைக்காய். காயில் 100 கிராமுக்கு 30 மி.கி., கீரையில் 314.

தயிர்: 'கர்ட்' போட்டா சில இடத்தில் 'சீஸ் கர்ட்' வரும். அது பாலாடைக்கட்டி, 100 கிராமுக்கு 700 மி.கி. பக்கம். நம்ம தயிர் 120.

மோர்: 'பட்டர்மில்க்' அவங்க ஊரில் தண்ணீர் கலக்காத, புளிக்க வைத்த பால். 100-க்கு 115. நம்ம மோரில் நாலில் ஒரு பங்குதான் தயிர்.

எள்: 'செசமி கெர்னல்ஸ்' என்பது தோல் நீக்கிய எள். 100 கிராமுக்கு 60 மி.கி. தோலோடு இருந்தா அதே அமெரிக்க அட்டவணையில் 975, நம்ம அட்டவணையில் வெள்ளை எள் 1,283. கால்சியம் முழுக்கத் தோலில்தான்.

#3 பித்தளை டம்ளர்

திறந்து பார்த்தாச்சு. முதல் ஆப்பில் மாவு 7, 'ட்ரம்ஸ்டிக்' 7 (பக்கத்துப் படத்தில் கோழிக்கால்), மோர் 230, எள் 3. தயிர் மட்டும் 120, சரி.

இரண்டாவதில் ராகி 182, முருங்கை 22 (காய்), மோர் 60, எள் 3, தயிர் 700.

பால் 240, அரிசி 11, பருப்பு 21 இரண்டிலும் ஒன்றுதான்.

#4 அட்டவணைப் பித்து

அப்போ கணக்கு இப்படி வரணும்: பால் 240, கேழ்வரகு 182, அரிசி 11, பருப்பு 21, முருங்கைக்கீரை 236, மோர் 60, தயிர் 120, எள் 64. கூட்டினா 934.

இரண்டு ஆப்புமே தப்பு, ஆனா இரண்டும் எதிரெதிர்த் திசையில் தப்பு. முதலாவதில் மோர் கூடுதலாகப் போட்ட 170, கீரையில் விட்டதை ஓரளவு மறைச்சிருக்கு. இதுதான் ஆபத்து. மொத்தம் நம்பும்படி வந்தா யாரும் வரியைத் திறக்கறதில்லை.

செய்ய வேண்டியது: வீட்டில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் வரும் உணவில் கால்சியம் உள்ளது பத்துக்கு மேல் இருக்காது. அந்தப் பத்தையும் ஆப்பில் சொந்த உணவாகச் சேர்த்துடுங்க ('கஸ்டம் ஃபுட்' அல்லது 'கிரியேட் ஃபுட்'). பெயருக்கு முன்னால் ஒரே அடையாளம் போடுங்க, 'வீ-கேழ்வரகு மாவு', 'வீ-மோர்' மாதிரி. தேடும்போது 'வீ' அடிச்சா பத்தும் வரிசையா வரும். அளவு 100 கிராம்னு வைங்க, 'ஒரு கப்'னு வைக்காதீங்க. ஆப்பின் கப் 240 மி.லி. நம்ம காபி டம்ளர் பாதிகூட இருக்காது.

100 கிராமுக்குப் போட வேண்டிய எண்கள் (சமைக்காத எடை):
பசும்பால் 118, எருமைப்பால் 121
வீட்டுத் தயிர்: எந்தப் பாலில் உறை ஊற்றினதோ அதே எண். உறைவதால் கால்சியம் கூடறதும் இல்லை குறையறதும் இல்லை. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிருக்கு இது பொருந்தாது, வடியும் தண்ணீரோடு கொஞ்சம் போகும்
பனீர் 476
கேழ்வரகு 364
கொள்ளு 269
முருங்கைக்கீரை 314
அகத்திக்கீரை 901
முளைக்கீரை வகை 330
பொன்னாங்கண்ணி 388
தோலுள்ள வெள்ளை எள் 1,283

பழைய என்ஐஎன் அட்டவணையில் எருமைப்பால் 210, அகத்தி 1,130, முருங்கைக்கீரை 440. இணையத்தில் சுற்றும் தமிழ்ப் பட்டியல்களும் சில இந்திய ஆப்களும் இன்னும் அதையே வெச்சிருக்கு. எருமைப்பாலில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு.

#5 சிக்கனம்

இவ்வளவு மெனக்கெடணுமா? அரிசி, பருப்பு, காய், எண்ணெய் எல்லாத்தையும் பதியறதால்தான் பத்தாம் நாள் ஆப்பை அழிச்சுடறாங்க. கால்சியத்துக்காக மட்டும்னா பால், தயிர், கேழ்வரகு, கீரை, எள், முள்ளோடு தின்னும் மீன், மாத்திரை இந்த ஏழைப் பதிஞ்சா போதும். மற்றதெல்லாம் சேர்த்து 'வீ-மீதி'ன்னு ஒரே வரி, தினம் 100 மி.கி. #4-ல் அரிசியும் பருப்பும் சேர்ந்து 32தான். காய், தேங்காய், புளி, கறிவேப்பிலை எல்லாம் கூட்டினாலும் பெரிசா மாறாது.

கறிவேப்பிலையில் 100 கிராமுக்கு 659னு யாராவது வருவாங்க. தாளிப்பில் விழறது ஒரு கிராம், அதையும் தட்டோரம் ஒதுக்கி வைக்கறோம்.

இன்னொண்ணு, ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். அகத்தி சாப்பிட்ட நாள் 1,400 காட்டும், மறுநாள் 500. ஏழு நாள் சராசரியைத்தான் பார்க்கணும். சர்வதேச எலும்புப்புரை அறக்கட்டளை இணையத்தில் வெச்சிருக்கற கால்சியம் கணிப்பானும் வாரக் கணக்கில்தான் கேட்குது.

#6 அட்டவணைப் பித்து

'வீ-மீதி' நல்ல யோசனை. ஆனா சாம்பார், கூழ், பாயசம் மாதிரி கலவையில் பால் அல்லது கீரை சேர்ந்தா அதை மீதியில் தள்ளாதீங்க. 'ரெசிப்பி'யாகச் சேருங்க. பச்சைப் பொருளின் எடையை எல்லாம் போட்டு, கடைசியில் சமைத்த மொத்த எடையை 'சர்விங்' எண்ணிக்கையாகக் கொடுக்கணும். சமைத்தது 1,450 கிராம்னா சர்விங் 1,450. அப்போ ஒரு சர்விங் ஒரு கிராம். தட்டில் 180 கிராம் விழுந்தா 180னு அடிச்சா முடிஞ்சது. இதுக்காகக் காலிப் பாத்திரங்களின் எடையை ஒரு தடவை நிறுத்து, அடியில் பெர்மனென்ட் மார்க்கரில் எழுதிடுங்க. கொதிக்கற குக்கரைக் கவிழ்த்து நிறுக்க முடியாது இல்லையா.

#7 குரக்கன் மா

யாழ்ப்பாணப் பக்கம் இருந்து சில விசயம் சொல்லலாமே. குரக்கன் (கேழ்வரகு) எண்டு தேடினால் பெரும்பாலான ஆப்பிலை ஒண்டும் வராது, அதாலை அந்தச் சொந்த வரி எங்களுக்கும் கட்டாயம் வேணும்.

இஞ்ச தேத்தண்ணிக்குப் போடுறது கூடுதலாப் பால்மா. அதைத் திரவப் பாலாப் பதியக் கூடாது. முழு ஆடைப் பால்மா 100 கிராமிலை 900 மி.கி.க்குக் கொஞ்சம் மேலை. மேசைக்கரண்டி ஒண்டு 8 கிராம் எண்டால் 70 மி.கி. வரும். ஆனால் கும்பமா அள்ளுற கரண்டி 12 கிராமும் வரும். ஒரு நாள் நிறுத்துப் பாத்துப்போட்டு அந்த எண்ணையே நெடுக வைச்சுக்கொள்ளுங்கோ.

சொதியிலை விடுறது தேங்காய்ப்பால். அதைப் 'பால்' எண்டு பதியிற ஆக்கள் இருக்கினம். தேங்காய்ப்பாலிலை கால்சியம் சொற்பம்.

நெத்தலிக்கு என்ன எண் போடுறது?

#8 அட்டவணைப் பித்து

#7-க்கு: பச்சை நெத்திலிக்கு அமெரிக்க அட்டவணையின் 'ஆன்ச்சவி, ரா' 147 கொடுக்குது. தலை கிள்ளி, முள்ளோடு அப்படியே தின்னா அந்த எண் ஓரளவு பொருந்தும். கருவாட்டில் தண்ணீர் போனதால் எடைக்கு எடை கூடும், ஆனா எவ்வளவு காய்ஞ்சது என்பதைப் பொறுத்து மாறும். ஊற வைக்கறதுக்கு முன்னால் நிறுத்து, பாக்கெட்டில் எண் இருந்தா அதைப் போடுங்க. இல்லேன்னா பச்சை மீனின் எண்ணையே போட்டுக் குறைவாக எண்ணுறது பாதுகாப்பு.

மத்தி மீனில்தான் (சாளை) பெரிய பிழை நடக்குது. டின் சாளை 100 கிராமுக்கு 382. டின்னில் அழுத்தத்தில் வெந்து முள் மெத்தென்று ஆகி, அதையும் சேர்த்துத் தின்பதால் வர்ற எண் அது. குழம்பில் நடுமுள்ளை உருவிப் போட்டுட்டு அந்த வரியைத் தேர்ந்தெடுத்தா தட்டோரம் கிடக்கற முள்ளையும் எண்ணின மாதிரி. முள் நீக்கிய சதையில் கால்சியம் மிகக் குறைவு.

#9 மருந்துச் சீட்டு

மாத்திரையைப் பதியறவங்க செய்யும் ஒரே பிழை: அட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி.'ன்னு பெரிசா இருக்கும், அதைப் பதிவாங்க. கீழே சின்ன எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம் 500 மி.கி.'ன்னு இருக்கும். பதிய வேண்டியது அந்த 500. கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21, குளுக்கோனேட்டில் 9. சிட்ரேட் 1,000 மி.கி. மாத்திரைன்னா கிடைக்கறது 210தான்.

வெளிநாட்டு டப்பாவை பார்கோடு ஸ்கேன் செய்தா 'சர்விங் சைஸ்' பாருங்க. பலதில் அது இரண்டு மாத்திரை. ஒன்று விழுங்கிட்டு ஒரு சர்விங் பதிஞ்சா இரட்டிப்பு.

நேரமும் பதியுங்க. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போனா உறிஞ்சும் பங்கு குறையும், அதனால் 1,000 தேவைன்னா இரண்டாகப் பிரிக்கணும். கார்பனேட் சாப்பாட்டோடு. சிட்ரேட் எப்போ வேணும்னாலும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை தொடர்ந்து எடுக்கறவங்களுக்குக் கார்பனேட் சரியா சேராது. தைராய்டு மாத்திரைக்கும் (லெவோதைராக்சின்) கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி, இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம். ஆப்பில் நினைவூட்டல் வைக்கறதா இருந்தா இந்த இடைவெளிக்கு வைங்க, 'இன்னைக்கு 300 குறையுது' என்பதுக்கு இல்லை. சாப்பாட்டில் 930 வர்றவர் மீதி 70-க்காக 500 மி.கி. மாத்திரை போடறது வீண். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க ஆப்பை வெச்சு எதையும் தீர்மானிக்கக் கூடாது, மருத்துவர்தான்.

#10 சிக்கனம்

இலக்கைப் பற்றி யாரும் பேசலையே. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2010-ல் பெரியவங்களுக்கு 600னு சொன்னது, 2020 திருத்தத்தில் 1,000 ஆச்சு. பாலூட்டும் தாய்க்கு 1,200. ஆப்பில் பழைய 600 இருந்தா எல்லா நாளும் பச்சைக் கோடுதான்.

அடுத்தது சதவீதம். சில ஆப்பில் கால்சியம் மி.கி.யில் இல்லாம சதவீதத்தில் வருவதால் குழப்பம். அமெரிக்க லேபிளில் முன்னே 100% என்பது 1,000 மி.கி., 2016 விதிக்குப் பிறகு 1,300. பயனர்கள் பழைய டப்பாவைப் பார்த்துப் பதிந்த 30%-க்கு 300 மி.கி. அர்த்தம், புது டப்பாவின் 30%-க்கு 390. இரண்டும் ஒரே பட்டியலில் கிடக்கும். மி.கி. காட்டும் க்ரோனோமீட்டர் மாதிரி ஆப் இதுக்குத் தேவலாம். ஒவ்வொரு வரியும் எந்த அட்டவணையிலிருந்து வந்ததுன்னும் அதில் தெரியும்.

#11 கீரைக்கட்டு

எல்லாரும் கீரை எண்ணை அப்படியே கூட்டறீங்க. கால்சியத்தைப் பிடிச்சு வெச்சு உடம்பில் சேர விடாத ஆக்சலேட்டை மறந்துட்டீங்களா? பாலக்கில் இருக்கற கால்சியத்தில் 5 சதவீதம்தான் உடம்பில் சேரும், பாலில் 30-க்கு மேல். முளைக்கீரை, தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் நிறைய. எள்ளின் தோலில் இருப்பதும் பெரும்பகுதி அதே கதை. கேழ்வரகில் பைட்டேட், அதுவும் அதே மாதிரி தடுக்கும். ஆப்பில் 934 வந்தா நிஜத்தில் எவ்வளவுன்னு பெருக்கிக் கழிக்க வேண்டாமா?

#12 அட்டவணைப் பித்து

வேண்டாம். 1,000 என்ற இலக்கே எல்லாம் உறிஞ்சப்படாதுன்னு தெரிஞ்சு, கலவை உணவுக்குப் போட்ட எண். சாப்பாட்டு எண்ணை 0.3-ஆல் பெருக்கி அதை 1,000-த்தோடு ஒப்பிட்டா இரண்டு தடவை கழிச்ச மாதிரி ஆகும். ஆப்பில் பதிய வேண்டியது உள்ளே போன அளவு, அவ்வளவுதான்.

ஆனா நீங்க சொல்றதில் ஒரு பாதி சரி. ஒருத்தர் பாலே தொடாம, தினம் பாலக்கையும் எள்ளையும் வெச்சே 1,000 காட்டினா அந்த எண்ணை நம்பக் கூடாது. அதுக்குச் சுலப வழி: பாலக்கை மட்டும் சொந்த வரியில் கால்சியம் 0 போட்டு வைங்க. அதில் இருப்பதே 100 கிராமுக்கு 82, அதில் 5 சதவீதம்னா நாலு மி.கி. தொலையட்டும். முருங்கைக்கீரையை அப்படியே விடலாம், ஆக்சலேட் அவ்வளவு இல்லை. கேழ்வரகை முளைகட்டியோ புளிக்க வெச்சோ சாப்பிட்டா பைட்டேட் குறையும், கூழுக்கு அது தானாகவே நடக்குது. எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

#13 கீரைக்கட்டு

பாலக்குக்கு 0, ஒத்துக்கறேன். எள்ளுக்குப் பாதி போடுவேன், அது என் பிடிவாதம்.

#14 மளிகைச் சீட்டு

பாக்கெட் சாப்பாடு பற்றி. பார்கோடு ஸ்கேன் செய்தா கால்சியம் 0 வருதுன்னு அடிக்கடி கேட்கறாங்க. அது பூஜ்யம் இல்லை, காலி இடம். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி ஆற்றல், புரதம், மாவுச்சத்து, சர்க்கரை, கொழுப்பு வகைகள், சோடியம் அச்சிடணும், கால்சியம் கட்டாயம் இல்லை. 'கால்சியம் நிறைந்தது'ன்னு முன்பக்கம் பெருமை பேசினாத்தான் பின்பக்கம் அளவு போடணும். அதனால் பால் பாக்கெட்டை ஸ்கேன் செய்யாம 'வீ-பால்' எடுங்க. ஆவின் நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, கொழுப்பு மாறுமே தவிர கால்சியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

'ராகி' பிஸ்கட், 'ராகி' சேமியா, ராகி மால்ட் எல்லாத்திலும் பொருள் பட்டியலில் கேழ்வரகு எத்தனை சதவீதம்னு பாருங்க. 40%-ன்னு இருந்தா 100 கிராமுக்கு 146 போடுங்க. மிச்சம் மைதா, சர்க்கரை.

கடை பாதாம்பால், சோயாபாலில் கால்சியம் சேர்த்திருந்தா டப்பாவின் எண்ணைப் போடலாம். நல்லாக் குலுக்கணும், சேர்த்த கால்சியம் அடியில் தங்கிடும். வீட்டில் அரைச்ச பாதாம்பாலுக்கு அந்த எண்ணைப் போடக் கூடாது.

#15 போர்த்தண்ணி

உப்புத்தண்ணியில் வாழறவங்களுக்கு ஒரு வரி கூடச் சேர்க்கணும். தண்ணிப் பரிசோதனைச் சீட்டில் 'கால்சியம் ஹார்ட்னஸ்' (கால்சியத்தால் வரும் கடினத்தன்மை) கால்சியம் கார்பனேட்டாகக் கொடுத்திருந்தா 0.4-ஆல் பெருக்குங்க. 200னு இருந்தா லிட்டருக்கு 80 மி.கி. கால்சியம், இரண்டு லிட்டர் குடிச்சா 160. 'டோட்டல் ஹார்ட்னஸ்'ஐப் பெருக்காதீங்க, அதில் மெக்னீசியமும் உண்டு. ஆர்ஓ தண்ணிக்கு 0. கொதிக்க வெச்சு ஆறவெச்சா பாத்திரத்தில் வெள்ளையாப் படியுதே, அதுவும் கால்சியம்தான், அதனால் பச்சைத் தண்ணி எண்ணை அதுக்குப் போட முடியாது.

#16 சிக்கனம்

வெற்றிலைச் சுண்ணாம்பையும் சேர்க்கலாமா?

#17 மருந்துச் சீட்டு

வேண்டாம். எவ்வளவு தடவுறோம், எவ்வளவு விழுங்குறோம், எவ்வளவு துப்புறோம்னு யாரும் நிறுக்கறதில்லை. கணக்கில் வராத அந்தச் சுண்ணாம்போட கால்சியம் மாத்திரையும் சேர்ந்தா ரத்தத்தில் கால்சியம் ஏற இடம் உண்டு. நிறைய வெற்றிலை போடறவர் மாத்திரை ஆரம்பிக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லணும்.

இன்னொரு இரட்டைக் கணக்கு: இரண்டு ஆப்பும் ஃபோனின் ஆப்பிள் ஹெல்த் அல்லது (ஆண்ட்ராய்டில்) ஹெல்த் கனெக்டில் எழுத அனுமதி பெற்றிருந்தா அங்கே கூட்டுத்தொகை ஏறிடும். ஒரு ஆப்புக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்க.

#18 பித்தளை டம்ளர்

பத்து வரியும் சேர்த்தாச்சு, ஒரே ஆப்பில், மி.கி.யில். அதே நாளைத் திரும்பப் பதிந்ததில் 934 வருகிறது. கீரை வரிக்கு மட்டும் ஒரு சந்தேகம்: வதங்கினதும் 75 கிராம் கைப்பிடிக்கு வந்துவிட்டது. எந்த எடை?

#19 கீரைக்கட்டு

பச்சை எடைதான், வதங்கினதுக்கு இல்லை. ஆனா அந்த 75 கட்டாக நிறுத்ததா, இலையை உருவின பிறகு நிறுத்ததா?

#20 பித்தளை டம்ளர்

கட்டாக. ஈர்க்கோடு.

#21 கீரைக்கட்டு

அப்போ இலை 50 கிராம்னு வைங்க, 157. மொத்தம் 855.